பார்கோட் ஸ்கானர்: வெளியீட்டு வடிவமைப்பு

பார்கோட் ஸ்கானர் படித்த எண்ணைக் கணினிக்கு எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று வகுக்கும் அமைப்பு. பெரும்பாலான ஸ்கானர்களைக் கணினி விசைப்பலகையாகவே கருதுகிறது. எண்ணின் முன்னொட்டு, பின்னொட்டு, முடிவில் 'என்டர்' அல்லது 'டேப்' ஆகியவற்றைக் கையேட்டிலுள்ள அமைப்புக் குறியீடுகளை ஸ்கான் செய்தே மாற்றலாம்.

இலங்கையில் பதிவான பொருட்களின் 13 இலக்க எண் 479 என்று தொடங்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஸ்கானர் அதை வெட்டி அனுப்பினால், 13 இலக்கங்களையும் பதிந்து வைத்த கடைக் கணினி பொருளை அடையாளம் காணாது.

யாழ்ப்பாண நகரின் கரையோரக் கடற்றொழில் ஊரான குருநகர் போன்ற இடங்களில் சரிபார்ப்பு இலக்கத்தைவிட முக்கியமானது எடை. கூறி விற்கும் மீனுக்குக் குறியீடு தேவையில்லை. பொதி செய்த நண்டுக்கோ இறாலுக்கோ, கடைகளின் உட்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய, 2 இல் தொடங்கும் எண்ணை ஒட்டலாம். உதாரணமாக 2101234008508 இல் 01234 பொருளையும் 00850 கிராம் கணக்கிலான எடையையும் குறிப்பதாகக் கடை வகுத்துக்கொள்ளலாம். இந்தப் பிரிப்பு கடைக்குக் கடை மாறும். ஆகவே ஸ்கானரிலோ விற்பனை மென்பொருளிலோ அதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கணினி ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகை அமைப்பில் இருக்கும்போது ஸ்கான் செய்தால், குறியீட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவை தமிழ் எழுத்துகளாக விழும். ஸ்கானர் அனுப்புவது விசையின் இடத்தையே, எழுத்தை அல்ல. ஸ்கான் செய்யுமுன் ஆங்கில விசைப்பலகைக்கு மாறலாம்; ஸ்கானரைத் தொடர் துறை (சீரியல் போர்ட்) முறையில் இணைப்பது நிலையான தீர்வு.