மாணாக்கரும் பிறந்த ஊர்ப் பற்றும்

கல்வியின் பொருட்டுப் பிறந்த ஊரைப் பிரிந்த மாணாக்கன் நெஞ்சில் ஊர்ப்பற்று முன்னிலும் மிகுதல் இயல்பே. அப்பற்று ஆக்கமும் தரும், கேடும் தரும். இவ்விரண்டிற்கும் ஐரோப்பிய சரித்திரம் பகரும் சான்றுகளை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகருக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சட்டம் பயிலப் பல நாட்டாரும் வந்தனர். நகரவாசிகளுக்கு உரிமைகள் உண்டு. அயலார்க்கோ அவை இல்லை. ஒருவன் பட்ட கடனுக்கு அவன் நாட்டானாகிய வேறொருவனைப் பிடித்து ஈடு செய்துகொள்ளும் கொடுமையும் அந்நாளில் இருந்தது. ஆதலின் ஒரு நாட்டினின்று வந்தோர் தம்முட் கூடிச் சங்கம் அமைத்தனர். நோயுற்றோரைப் பேணல், வறியோர்க்கு உதவல், இறந்தோரை அடக்கஞ் செய்தல் ஆகியவை அச்சங்கங்களின் கடமைகளாயின. துணையற்றார்க்குத் துணையாய்ப் பிறந்த பற்று அது.

நிற்க. 1348-ஆம் ஆண்டில் நான்காம் சார்லஸ் மன்னர் பிராகு நகரில் ஒரு பல்கலைக் கழகம் நிறுவினார். அங்கே பொஹீமியர், பவேரியர், சாக்ஸனியர், போலிஷ்காரர் என நான்கு பிரிவினர். பிரிவிற்கு ஒரு வாக்கு. தம் மண்ணிலேயே தம் சொல் ஏறவில்லையெனப் பொஹீமியர் குறைப்பட்டனர். அப்பொழுது போப்பாண்டவர் பதவிக்கு நேர்ந்த பூசலிற் பல்கலைக் கழகத்தின் ஆதரவை நாடிய அரசர் வென்சஸ்லாஸ், 1409-இற் பொஹீமியர்க்கு 3 வாக்கும், ஏனை மூவர்க்கும் சேர்த்து 1 வாக்குமாக மாற்றினார். விளைவு யாது? ஜெர்மானிய ஆசிரியரும் மாணாக்கரும் பெருந்தொகையினராய் வெளியேறினர். அவ்வாண்டிலேயே லைப்சிக் நகரில் வேறொரு பல்கலைக் கழகம் எழுந்தது. பிராகு தன் பெருமையிற் பெரும்பகுதியை இழந்தது. குறை உண்மையே, ஆயினும் அரசியற் சூதிற்குக் கருவியான ஊர்ப்பற்று கல்வியின் வீட்டையே பிளந்தது.

சுவீடன் தேசத்து உப்சாலாவில் மாகாணப் பெயர் தாங்கிய 13 மாணவர் சங்கங்கள் இன்றும் உள்ளன. ஏதேனும் ஒன்றிற் சேர்தல் 2010 வரை கட்டாயமாயிருந்தது. இப்பொழுது எவ்வூராரும் தாம் விரும்பிய சங்கத்திற் சேரலாம். பெயர் நிலைத்தது, வேலி நீங்கியது.

அன்பர்களே! கங்காணிமார் தத்தம் ஊராரையே அழைத்துவந்து தோட்டங்களை நிரப்பிய வரலாறு நம்முடையது. புதிய மண்ணில் அவ்வூருறவு நம்மவர்க்கு ஊன்றுகோலாயிற்று. அவ்வழியே சாதியும் கப்பலேறி வந்தது. கலாசாலை புகும் நம் பிள்ளைகள் ஊர்ப் பெயராற் கூடுவதை நாம் வெறுக்கவில்லை. ஊர் எதுவென வினவும் வாய் அடுத்துச் சாதியை வினவுமாயின் அதனையே வெறுக்கின்றோம். நோயுற்ற தோழனுக்கு ஊர் கேளாமல் உதவும் சங்கமே மாணாக்கர்க்கு வேண்டுவது.