சேணம், மேசை, மட்கார்ட்

கார் முட்டி மட்கார்ட் நெளிஞ்சுபோனால் புதிசு வாங்கவேணும். கார்க் கம்பனி செய்ததையா, வேறு ஆக்கள் செய்ததையா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் போனபோது, 131 வருடத்துக்கு முந்திய ஒரு குதிரைச் சேணத்தையும் தூசுதட்டி எடுக்கவேண்டி வந்தது.

அங்கே ஒரு பொருளின் தோற்றத்துக்கு மட்டுமே காப்புரிமை எடுக்க 1842 இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் பழைய வடிவங்களை அறிந்த ஒரு வடிவமைப்பாளருக்குச் சாதாரணமாகவே தோன்றியிருக்கக்கூடிய வடிவத்துக்கு அது கிடைக்காது. சாதாரணம் எது எண்டு யார் சொல்வது? சிக்கலே அங்கேதான்.

1893 இல் விற்மன் கம்பனியின் சேணம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. முன்பாதி கிரேஞ்சர் எனும் பழைய சேணத்தினது, பின்பாதி ஜெனிபர் எனும் இன்னொன்றினது. இப்படிப் பாதிகளைப் பொருத்துவது சேணத் தொழிலாளர்களின் வழமையான கைவேலைதான் என்றது நீதிமன்றம். புதிதாக இருந்த ஒரேயொரு செங்குத்தான இறக்கம் எதிராளியின் சேணத்தில் இல்லை. விற்மன் தோற்றது.

1982 இல் ரோசன் என்பவரின் கோப்பி மேசை வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கடும் விதியை வைத்தது: முதலில் கிட்டத்தட்ட அதே தோற்றமுள்ள ஒரு பழைய வடிவத்தைக் காட்டு, காட்ட முடியாவிட்டால் வழக்கு அதோடு சரி. 1996 இல் ஒரு சோபா வழக்கு அதை இன்னும் இறுக்கியது. சேணத்தைப் போல இரண்டு பழசைச் சேர்த்து வந்த வடிவங்கள் இந்த வலைக்குள் அகப்படவே இல்லை.

ஜெனரல் மோட்டர்ஸின் மட்கார்ட் காப்புரிமையை எதிர்த்த உதிரிப்பாக நிறுவனமான எல்கேகியூவும் முதலில் இந்த விதியில்தான் தடுக்குப்பட்டது. 2024 மே 21 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதியைத் தூக்கியெறிந்தது. இனிப் பழைய வடிவங்கள் எவை, வித்தியாசம் என்ன, அவற்றைச் சேர்க்க ஒரு சாதாரண வடிவமைப்பாளருக்குக் காரணம் இருந்ததா எண்டு பார்க்கவேணும். மட்கார்ட்டுக்கு அன்று தீர்ப்பில்லை. வழக்கு திரும்பவும் விசாரணைக்குப் போனது.

விடை தெரிஞ்ச பிறகு எல்லாக் கணக்கும் சுகம்தான். அந்தப் பயம் நியாயமானது, கடும் விதிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதும் அதுதான். ஆனாலும் தொழில் தெரிந்தவரின் கண்ணால் பார்த்த 1893 இன் வழிதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு பழசை ஒட்டிவிட்டு, பிறகு மற்றவர்களின் பட்டறைக் கதவைப் பூட்டுகிற உரிமையை யாருக்கும் சும்மா கொடுக்கக்கூடாது.