விடுமுறைத் தீவுகள் – அன்றும் இன்றும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஆசிரியர் அறையில் பாடத்திட்டப் பேச்சு குறைந்து தீவுப் பேச்சு தொடங்கிவிடுகிறது. லங்காவியா, பங்கோரா, செந்தோசாவா என்று ஆளுக்கொரு தாளை விரித்து வைத்துக்கொள்கின்றனர். புதிதாக மணமான இளம் ஆசிரியர், கடலைப் பார்த்த தனி வீடு வேண்டும், பக்கத்தில் ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாது என்கிறார். பிள்ளை பெற்றவர்களோ நீச்சல் குளத்தின் ஆழம் என்ன, அறையில் கூடுதல் கட்டில் போடுவார்களா, காலைப் பசியாறல் கட்டணத்தில் அடங்குமா என்று விசாரிக்கின்றனர். வரலாறு போதிப்பவனாகிய என்னிடம் இதுபற்றி எவரும் கேட்பதில்லை. கேட்காததையும் சொல்வது ஆசிரியத் தொழிலின் வழக்கமாதலால் இங்கே எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டில் பினாங்கின் ஜெரேஜாக் தீவில் ஓர் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது தெற்கே, பெருநிலத்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையில் காடு போர்த்திய குன்றாகத் தெரிவதுதான் அது. கரையிலிருந்து படகில் சில நிமிடப் பயணம். குழந்தைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் ஸ்பா, தம்பதியருக்குத் தனிமை என்று எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் என்றார்கள். நானும் என் மனைவியும் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். தீவின் பெயர் காதில் விழுந்ததும் அடுக்களையிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

“ஜெரேஜாக்குக்கா? அங்க போக எதுக்குய்யா காசு குடுக்கணும்? உன் தாத்தா ஒரு வாரம் சும்மாவே தங்கிட்டு வந்தாரே!”

அம்மா வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருடைய தந்தையார் 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கெடாவிலுள்ள ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். ஏறத்தாழ ஒரு வாரக் கடற்பயணம் முடிந்து பினாங்கு கண்ணுக்குத் தெரிந்தபின்னும் அவரைக் கரையில் இறக்கவில்லை. இன்னொரு படகில் ஏற்றி ஜெரேஜாக்கிற்குக் கொண்டுபோனார்கள். உடுத்தியிருந்த துணியை வாங்கி ஆவியில் அவித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். அம்மை குத்தினார்களாம். இரவில் எதிர்க்கரையில் விளக்குகள் தெரியுமாம், போக முடியாதாம். தாத்தா சொன்னதில் அம்மாவுக்கு நினைவிருந்தது இவ்வளவே.

இந்த வீட்டுக் கதைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஜெரேஜாக்கில் 1871ஆம் ஆண்டளவில் தொழுநோயாளிகளுக்கான காப்பகம் அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1875ஐ ஒட்டி, வெளிநாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்து வைத்து நோய் பார்க்கும் தொற்றுத்தடுப்பு நிலையமும் அங்கு வந்தது. காரணம் எளிது. பினாங்கு ஒரு துறைமுக நகரம். கப்பலில் காலராவோ பெரியம்மையோ ஒருவருக்கு இருந்தாலும் ஊர் முழுவதும் பரவிவிடும். ஆகவே கடலால் சூழப்பட்ட, ஆனால் துறைமுகத்துக்கு மிக அருகிலுள்ள ஓரிடம் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. நோய்த்தடுப்பு என்னும் நோக்கில் அது தவறன்று. கொரோனாக் காலத்தில் நாமும் விடுதி அறைகளில் அடைபட்டிருந்து அந்த நியாயத்தை உணர்ந்திருக்கிறோம்.

ஆயினும் அந்த நியாயம் எல்லார்க்கும் ஒன்றாக இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. கப்பலில் அறை எடுத்து வந்த முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகள் பெரும்பாலும் மருத்துவர் பார்த்தவுடன் நேரே கரையிறங்கினர். திறந்த தளத்தில் பாய் விரித்து வந்தவர்களே தீவுக்கு அனுப்பப்பட்டனர். தமிழ்த் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் தளப் பயணிகளே. ஒரே கப்பல், ஒரே காற்று. ஆனால் பயணச்சீட்டைப் பார்த்து நோய் வருவதுபோல் ஓர் ஏற்பாடு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி வழியாகவும், 1907இல் தொடங்கப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியின் செலவிலும் ஆட்கள் வந்தனர். முறைகள் மாறின, தீவு மாறவில்லை. இந்திய அரசாங்கம் 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதிக்கும்வரை, தொழிலாளர்களாய் வந்த நம் முன்னோர் பலர் மலாயாவில் முதன்முதலாகக் கால் வைத்த மண், தோட்டமும் அன்று, நகரமும் அன்று. இத்தகைய ஒரு தீவுதான். தெற்கே சிங்கப்பூருக்குச் சென்ற கப்பல்களுக்கு அதே வேலையைச் செயிண்ட் ஜான்ஸ் தீவு செய்தது. அங்கு 1874இல் நிலையம் தொடங்கிற்று.

ஜெரேஜாக்கில் இரண்டு ருசிய மாலுமிகளின் கல்லறைகளும் உள்ளன. 1914 அக்டோபர் 28 அன்று விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், அங்கு நின்ற ஷெம்சுக் என்னும் ருசியக் கப்பலை மூழ்கடித்தது. அதே எம்டன்தான் அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 22 இரவில், சென்னை மீது குண்டு வீசியது. அடாவடிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவது அங்கிருந்து வந்தது. பாடத்தில் இதைச் சொன்னால் கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருகிறான்.

பின்னர் 1969 ஜூன் மாதம் அத்தீவு சிறைத்தீவாயிற்று. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டோரும் குண்டர் கும்பல்களைச் சேர்ந்தோரும் அங்கு அடைக்கப்பட்டனர். 1993இல் சிறை மூடப்பட்டது. பதினொரு ஆண்டுகள் கழித்து, முன்பு சொன்ன விடுதி வந்தது. அதுவும் பிற்பாடு மூடப்பட்டுவிட்டது.

தொழுநோயாளி, கூலி, கைதி, பிறகு தேனிலவுத் தம்பதி என்ற இந்த வரிசையை முதலில் தற்செயல் என்றுதான் எண்ணினேன். மற்றத் தீவுகளைப் படித்தபின் அப்படி எண்ண முடியவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் இந்நாட்டில் ஓய்வெடுக்க விரும்பியபோது பெரும்பாலும் மலைக்குத்தான் போனார்கள். பினாங்கு மலைக்கு 1923இல் இழுவை இரயில் ஓடத் தொடங்கிற்று. பிரேசர் மலை, கேமரன் மலை ஆகியன குளிர்வாச இடங்களாயின. தீவு என்றால் காய்ச்சல், கொள்ளையர், தண்ணீர்ப் பஞ்சம். ஆகவே தாங்கள் மலைக்கு ஏறிக்கொண்டு, தங்களுக்கு வேண்டாதவர்களைத் தீவுக்கு அனுப்பினார்கள். கரையிலிருந்து பிரிந்திருத்தல், சொந்தப் படகுத்துறை, வந்துபோவோரை எளிதில் கண்காணிக்கும் வசதி ஆகியன அன்று காவலுக்கு உதவின. இன்று அவற்றையே ‘தனிமை’ என்று பெயரிட்டு விலைக்குத் தருகிறார்கள். வேறு எவரும் பயன்படுத்தாமல் நிலம் ஒதுங்கிக் கிடந்ததும், காடும் கடற்கரையும் அழியாமல் நின்றதும் அந்தப் பழைய வேலியால்தான்.

சிங்கப்பூர் அன்பர்கள் செந்தோசாவை எடுத்துக்கொள்ளட்டும். ‘அமைதி’ எனப் பொருள்படும் அப்பெயர், பொதுமக்களிடம் பெயர் கேட்டு 1970இல் சூட்டப்பட்டது. அதற்குமுன் அது புலாவ் பிளாக்காங் மாத்தி. மலாய் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘மாத்தி’ என்றால் சாவு. அப்பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கு காய்ச்சல் பலரை வாரிக்கொண்டு போனது மட்டும் உண்மை. பிறகு பிரிட்டிஷார் அதைப் பீரங்கித் தீவாக்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியர் சீனர்களைப் பிரித்தெடுத்துக் கடலோரங்களில் கொன்ற நாட்களில், உடல்கள் இத்தீவின் கரையில் ஒதுங்கின. போர்க்கைதிகளாயிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் அவற்றைப் புதைத்தனர். இன்று சொகுசு விடுதிகளாக விளங்கும் கட்டடங்களில் சில அந்த இராணுவக் கட்டடங்களே. 1904இல் கட்டிய பீரங்கிப் படையினரின் பாசறை 2019இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. அமெரிக்க, வடகொரியத் தலைவர்கள் 2018 ஜூன் 12இல் சந்தித்த கப்பெல்லா விடுதியிலும் பழைய அதிகாரிகளின் கட்டடங்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் முன்னாள் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் சியா தை போ, விசாரணையின்றி 1966 முதல் சிறையிலிருந்தவர். 1989இல் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட அவர், செந்தோசாவில் ஒரு சிறு காவல் வீட்டில் 1992வரை குடியிருக்க விதிக்கப்பட்டார். அப்போது செந்தோசா ஏற்கெனவே சுற்றுலாத் தீவு. மேலே கேபிள் வண்டியில் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்கு அவரே வாடகை கட்ட வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது என் அம்மா அடுக்களையிலிருந்து கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

கிழக்குக் கரையில் ரெடாங்கிற்குப் போகிறவர்கள் அருகிலுள்ள பீடோங் தீவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்தவர்களுக்காக 1978இல் அங்கு முகாம் திறக்கப்பட்டது, 1991இல்தான் மூடப்பட்டது. 1979இல் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அந்தச் சிறு தீவில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். இப்போது முக்குளிப்போர் பவளப்பாறை பார்க்கப் போகின்றனர்.

இவ்வளவும் படித்துவிட்டு, ‘அப்படியானால் தீவுக்கே போகக் கூடாதா’ என்று என் மனைவி அன்று கேட்டது போல நீங்களும் கேட்பீர்கள். தாராளமாகப் போங்கள். கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் ஆகியவற்றுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை திட்டமிட வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பலவும் மூடப்பட்டிருக்கும். ஆண்டிறுதி விடுமுறைக்கு மேற்குக் கரையிலுள்ள லங்காவி, பங்கோர் போன்றவை ஏற்றவை. முதியவர்களை அழைத்துப் போவதாயின் படகுத்துறையில் படிகள் எத்தனை என்று முன்கூட்டியே கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. இயன்றால் ஒரு பிற்பகலை மட்டும் நீச்சல் குளத்திலிருந்து கடன் வாங்கி, பிள்ளைகளைப் பழைய கட்டடம் ஒன்றுக்கு நடத்திச் செல்லுங்கள். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம், கப்பலை விட்டு முதலில் இறங்கியது எங்கே என்று அவர்களே கேட்கட்டும். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் அப்படிக் கேட்டுவரச் சொன்னேன். பாதிப் பேருக்கு விடை கிடைக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் போய்விட்டிருந்தனர்.

நாங்கள் ஜெரேஜாக்கிற்குப் போனோம். அம்மாவும் வந்தார். படகிலிருந்து ஏற இரண்டு பேர் கைபிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள். அம்மா படகோட்டியிடம் தமக்குத் தெரிந்த மலாயில், அந்தக் காலத்துக் கொட்டகைகள் எங்கே என்று கேட்டார். அவர் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கு மரங்களைத் தவிர எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா சற்று நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாழ்வாரத்து நாற்காலியில் வந்து அமர்ந்தார். இருட்டியதும் எதிர்க்கரையில் விளக்குகள் தெரிந்தன.

“ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கட்டினே?” என்று கேட்டார். சொன்னேன். தாத்தா வந்த காலத்தில் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி ஐம்பது காசு. அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பள்ளி செல்லாதவராயினும் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

“ஒரு வருசத்துக்கு மேல வருது,” என்றார். பிறகு, “காலையில பசியாறறதும் இதுல சேத்தியா?” என்று கேட்டார்.