கழித்துப் பார், விடையைத் தூக்கிப் போடு

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மண்ணை வாங்கிக்கொள்ளும் பெல்ட் ஓடினால்தான் அதில் கொட்டும் பெல்ட் கிளம்பும். வாங்குவது நின்றால் கொட்டுவதும் உடனே நிற்கும். இல்லாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் மண் குவிந்துவிடும். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா இதை ‘இன்டர்லாக்’ என்பார். 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கம் அது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு 1962-இல் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட முடிவுகளை ரிலேயிலும் ஒயரிலும்தான் கட்டிவைப்பார்கள். முடிவை மாற்ற வேண்டுமா, ஸ்குரூ டிரைவரை எடு.

அதே மாதிரி முடிவு ஒயரிலிருந்து புரோகிராம் எழுத்துக்கு வந்த கதையை, மாலையில் டியூஷனுக்கு வரும் டிப்ளமோ பிள்ளைகளுக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் சொல்வேன். மேசையில் இன்டெல் 8085 மைக்ரோபிராசசர் கிட் இருக்கும். எந்த பேட்ச் வந்தாலும் ஒருவன் கேட்பான்: “சார், சிஎம்பி போட்டா கழிக்குதுங்கிறீங்க. விடை எங்க சார் போகுது?”

எங்கும் போவதில்லை. சிஎம்பி என்பது இரண்டு எண்களை ஒப்பிடும் கட்டளை. கணக்குப் போடும் இடமான அக்குமுலேட்டரில் இருப்பதிலிருந்து மற்ற எண்ணைக் கழித்துப் பார்த்து, விடையைத் தூக்கிப் போட்டுவிடும். மிஞ்சுவது ஃபிளாகுகள் என்ற ஒற்றை பிட் அடையாளங்கள் மட்டும்: இரண்டும் சமமென்றால் ஜீரோ ஃபிளாக் 1, அக்குமுலேட்டரில் இருப்பது சிறியதென்றால் கேரி ஃபிளாக் 1. அடுத்து வரும் ஜேஇசட், ஜேசி போன்ற கட்டளைகள் எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபிளாகைப் பார்த்துத் தாவும், இல்லையென்றால் பேசாமல் அடுத்த வரிக்குப் போகும்.

1949-இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் இப்படி விடையை வைக்காமல் ஒப்பிடும் வசதி கிடையாது. நாமே கழிக்க வேண்டும். மீதி நெகட்டிவ் என்றால் ‘ஜி’ கட்டளை தாவும், இல்லையென்றால் ‘இ’ தாவும். கழித்ததில் பழைய எண் போய்விடும். திரும்ப வேண்டுமானால் முன்பே எங்காவது சேமித்து வைத்திருக்க வேண்டும். விடையைத் தூக்கிப் போடுவது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

8085-க்கு ஃபிளாகுகள் வந்து சேர்ந்த வழி இன்னும் வேடிக்கை. டெக்சாஸில் ஒரு நிறுவனம் 1970-இல் அறிவித்த டேட்டாபாயிண்ட் 2200 என்ற டெர்மினலின் கட்டளைகளை ஒரே சில்லில் அடக்கித் தருவதாக இன்டெல் ஒப்புக்கொண்டது. சில் தயாராவதற்குள் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 1972-இல் இன்டெல் அதையே 8008 என்று பெயரிட்டு விற்றது. அப்புறம் 8080, 1976-இல் 8085. சிஎம்பியின் முதல் ஐந்து பிட், 10111, இந்த வரிசை முழுக்க மாறவே இல்லை.

ஒரு குறை உண்டு. கேரி ஃபிளாக், குறியில்லாத எண்களுக்குத்தான் சரி. எஃப்எஃப்-ஐயும் (ஹெக்ஸில் 255) 01-ஐயும் ஒப்பிட்டால் 255-தான் பெரியது என்று சொல்லும். எஃப்எஃப்-ஐ −1 என்று நினைத்து எழுதியவன் கதி? அதற்கும் இன்டெல் சில்லுக்குள் வழி செய்திருந்தது. கையேட்டில் மட்டும் எழுதவில்லை. ஏன் என்று யோசிக்க யோசிக்க எனக்குக் கோபம்தான் வரும். ஜெர்மனியில் வேலை பார்த்த டென்ஹார்ட்டும் சோரன்சனும் 1979 ஜனவரியில் ‘எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் அந்தச் சொல்லாத பத்துக் கட்டளைகளையும் வெளியிட்டார்கள். அவற்றில் எஃப்டி என்பதைச் சிஎம்பிக்கு அடுத்துப் போட்டால், குறியோடு பார்த்து அக்குமுலேட்டரில் இருப்பது சிறியதானால் தாவும்.

பிள்ளைகள் கிட்டில் தட்டிப் பார்த்தார்கள். தாவியது.

“எக்ஸாம்ல எழுதலாமா சார்?”

“பேப்பர் திருத்துறவர் கையேட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், தம்பி. வேண்டாம்.”