கல்லில் நின்ற சட்டமும் அதை வாசித்துச் சொன்னவனும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. வி. வெங்கையா முதல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வரை ஆய்வாளர் பலரும் இவற்றைக் குடவோலைத் தேர்தலுக்கும் ஊராட்சிக்கும் உரிய சான்றுகளாகவே அணுகினர். பொதுமக்கள் சட்டத்தைக் கண்டறிவதற்கு இக்கல்வெட்டுகள் எவ்வளவு பயன்பட்டிருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதற்சிக்கல் சுவரிலேயே இருக்கிறது. வாரிய உறுப்பினர்க்குரிய வயது 919ஆம் ஆண்டு ஆவணத்தில் 30 முதல் 60 வரை. 921ஆம் ஆண்டு ஆவணத்தில் 35 முதல் 70 வரை. இரண்டாவது ஆவணத்தில் கணக்குக் காட்டாதோர்க்கும் அவர்தம் உறவினர்க்குமான தடைகள் மிக விரிவாக அடுக்கப்பட்டுள்ளன. இரண்டே ஆண்டுகளில் விதி திருத்தம் பெற்றது. எனினும் பழைய விதி செதுக்கி அழிக்கப்படவில்லை. முதற் கல்வெட்டை மட்டும் படித்துச் சென்ற 32 வயதினர் ஒருவர் தமக்குத் தகுதியுண்டு என்றே கருதியிருப்பார். சட்ட நூலகத்தில் பணியாற்றுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவே: சட்டம் கைக்குக் கிடைக்கும், நடப்பில் உள்ளது எது என்பது கிடைக்காது.

இந்த இடைவெளியை நிரப்பியவன் மத்தியஸ்தன் எனலாம். சபையின் உறுப்பினனல்லாத இவன் அதன் கணக்கையும் ஆவணங்களையும் எழுதியவன். குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிக்க வேண்டியவனும் இவனே; அவ்வோலையை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசித்தனர். விரல்களை விரிக்கச் சொன்னது கைக்குள் வேறோர் ஓலை மறைந்திராமைக்காகும். வாசிப்பவனையும் ஐயுற்றே விதி வகுத்திருக்கின்றனர். 921ஆம் ஆண்டு ஆவணத்தை எழுதியவனும் அவ்வூர் மத்தியஸ்தனே என்பது அதன் இறுதியில் பதிவாகியுள்ளது. விதியை எழுதியவனே அதை எடுத்துரைக்கவும் ஊரில் இருந்தான். 919க்கும் 921க்கும் உள்ள வேறுபாட்டை அவனிடம் கேட்டறிய இயன்றிருக்கும்.

யாரால் கேட்டறிய இயன்றது என்பது வேறு வினா. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் உடையோர்க்கான விதிகள் இவை. பெண்டிரும் நிலமற்றோரும் இவ்விதிகளின் எல்லைக்குள் வரவில்லை. எனவே இவற்றைப் 'பொது அறிவிப்பு' எனப் புகழ்வோர் 'பொது' என்னும் சொல்லை வரையறுத்துக்கொள்ள வேண்டும். கச்சிப்பேட்டு ஊரகக் கோயில் நிர்வாகத்தைப் பட்டுச்சாலியர் சேரியினரிடம் ஒப்படைத்த உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, பிராமணர் சபைக்கு வெளியிலும் இத்தகைய ஆவணங்களைக் கையாண்டோர் இருந்தமைக்குச் சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இச்சிக்கல் மொழிவழியாக மீண்டும் எழுந்தது. உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால் வழக்காடுவோர் தம்மைக் கட்டுப்படுத்தும் விதியைத் தாமே அறிய இயலவில்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பின்னர் மாயூரத்தில் முன்சீப்பாகவும் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியராகவே அவரை நினைவுகூரும் இலக்கிய வரலாறுகள் இந்நூலை ஒரு வரியில் கடந்துவிடுவது வியப்பளிக்கிறது. மத்தியஸ்தனின் பணியை அச்சில் செய்த நூல் அது.

இன்றைய காஞ்சிபுரத்தில் இவ்வினா தறிக்குழியில் நிற்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி இட ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட துணிவகைகளை விசைத்தறியில் நெய்யத் தடை விதிக்கிறது. தொடக்கத்தில் 22ஆக இருந்த அவ்வகைகள் பின்னர் 11ஆகக் குறைக்கப்பட்டன. 2008இல் புதிய ஆணை வந்தது. தாம் நெய்யும் சேலையைப் போன்றதொன்று விசைத்தறியில் நெய்யப்பட்டு விற்பனையாவதைக் காணும் நெசவாளர், முறையிடுமுன் பட்டியல்களுள் எது நடப்பிலுள்ளது என அறிந்தாக வேண்டும். அதை வாசித்துச் சொல்வதற்கு ஒருவர் அவருக்குத் தேவைப்படுகிறார்.