‘வரலாற்றில் இன்று’ வந்த வழி

கி.மு. 304. ரோம் நகரின் ஃபோரம் திடலைச் சுற்றி வெள்ளை பூசிய பலகைகளை மாட்டினார் க்னேயஸ் ஃபிளேவியஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன். எழுத்தர் வேலை பார்த்து மேலே வந்தவர். எந்த நாளில் வழக்காடலாம், எந்த நாளில் கூடாது என்பது அதுவரை பூசாரிகளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஃபிளேவியஸ் அதைப் பலகையில் எழுதி ஊருக்கே காட்டிவிட்டார். மேட்டுக்குடியினருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாளிதழ் ஓரத்திலும் தினசரி காலண்டர் தாளிலும் நாம் படிக்கும் ‘வரலாற்றில் இன்று’ பத்தியின் கதையை அந்தப் பலகையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். தேதி எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தால்தானே அதன் பக்கத்தில் எதையாவது எழுதிவைக்கத் தோன்றும்?

ரோமர்கள் எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு ஜூலை 18 ஒரு கரிநாள். கி.மு. 390இல் ஆலியா ஆற்றங்கரையில் கால் இனத்துப் படை அவர்களை முறியடித்து, பிறகு நகரையும் சூறையாடியது. அந்தத் தேதியில் பொதுக்காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். ஒரு தேதிக்கு இப்படிப் பெயர் வந்துவிட்டால் மற்ற துயரங்களும் அதையே தேடி வந்து சேரும். ஃபேபியஸ் குலத்தார் 306 பேர் கிரெமெரா ஆற்றங்கரையில் மடிந்ததும் இதே தேதியில்தான் என்று எழுதினார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. கி.பி. 64இல் ரோம் எரியத் தொடங்கியது ஜூலை 18 இரவில். கால் இனத்தார் நகரைக் கொளுத்தியதும் இதே நாள்தான் என்று மக்கள் பேசிக்கொண்டதை டாசிட்டஸ் பதிந்திருக்கிறார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு தீக்கும் நடுவே ஆண்டுகள், மாதங்கள், நாட்கள் மூன்றும் ஒரே எண்ணிக்கையில் வருவதாகக் கணக்குப் போட்டார்களாம். ஜெருசலேமிலும் இதே போக்கைப் பார்க்கலாம். முதல் கோயில் இடிந்ததும் இரண்டாம் கோயில் இடிந்ததும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் என்று யூத மரபு சொல்கிறது. ஐந்து பெருந்துயரங்களை அந்த ஒரே நாளில் சேர்த்துச் சொல்கிறது மிஷ்னா நூல்.

நல்ல நாளைக் கெட்ட நாளாக மாற்றும் அதிகாரமும் இருந்தது. மார்க் ஆன்டனி தோற்றபின் ரோம் செனட் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 14ஐத் தீய நாளாக அறிவித்தது. பின்னாளில் பேரரசரான கிளாடியஸ் ஆன்டனியின் மகள்வழிப் பேரன். தன் தந்தை ட்ரூசஸ் பிறந்ததும் அதே நாளில்தான் என்பதைச் சொல்லி, அந்த நாளுக்குப் பழைய மரியாதையை மீட்டுக் கொடுத்தார்.

அடுத்த திருப்பம் ஒரு எழுத்தோவியக் கலைஞரின் கையில். கி.பி. 354ஆம் ஆண்டுக்காக வாலன்டைனஸ் என்ற செல்வந்தருக்கு ஃபிலோகாலஸ் ஓர் அழகிய நாள்காட்டிப் புத்தகம் எழுதிக் கொடுத்தார். அதில் பேரரசர்களின் பிறந்த நாட்களும் இருந்தன, மதத்துக்காக உயிர்விட்ட கிறித்தவர்களை அடக்கம் செய்த நாட்களும் இருந்தன. டிசம்பர் 25ஐ இயேசு பிறந்த நாளாகச் சொல்லும் மிகப் பழைய சான்று அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. அரண்மனைக்கு உரிய நாளும் கல்லறைக்கு உரிய நாளும் ஒரே அட்டைக்குள் வந்துவிட்டன.

பிறகு அந்தப் பட்டியல் மடாலயங்களுக்குப் போனது. எட்டாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் இருந்த பீட், ஒவ்வொரு புனிதரும் எப்படி இறந்தார் என்ற கதையையும் சேர்த்து எழுதினார். நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்காத நாட்களை வெற்றாகவே விட்டார். அந்த நேர்மைக்காக எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு. ஆனால் வெற்றிடம் இருந்தால் அதை நிரப்ப ஒருவர் வந்துவிடுவார். அடுத்த நூற்றாண்டில் வந்தவர் வியன் நகரப் பேராயர் ஆடோ. ராவென்னாவில் பழைய ரோமானியப் பட்டியல் ஒன்றைக் கண்டதாகவும் அதைப் படியெடுத்ததாகவும் சொல்லி, பல புனிதர்களைப் புதிய தேதிகளில் உட்காரவைத்தார். அவரைப் பார்த்து எழுதினார் பாரிஸ் துறவி உசுவார்ட். உசுவார்ட்டின் நூல் சுருக்கமானது, கையாள எளிது. அதனால் ஐரோப்பாவெங்கும் அதையே படியெடுத்தார்கள். 1584இல் ரோம் வெளியிட்ட அதிகாரபூர்வப் பட்டியலுக்கும் அதுவே அடிப்படை. 1908இல்தான் ஆன்றி கான்டன் என்ற பிரெஞ்சுத் துறவி உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் ‘பழைய பட்டியல்’ ஆடோவே உருவாக்கியது என்று காட்டினார். ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றிய சில தேதிகள் ஒரு பேராயரின் கைச்சரக்கு.

சீர்திருத்தக் கிறித்தவர்கள் புனிதர்களில் பலரை நாள்காட்டியிலிருந்து நீக்கினார்கள். காலியான கட்டங்களில் என்ன போடுவது? 1550இல் விட்டன்பர்க் பேராசிரியர் பவுல் ஏபர் வரலாற்றைப் போட்டார். ஒவ்வொரு தேதிக்கும் தனி இடம். அதில் பைபிள் நிகழ்ச்சி, ரோம் வரலாறு, மன்னர்களின் பிறப்பு இறப்பு. மிச்ச இடத்தில் புத்தகம் வாங்கியவர் தன் வீட்டுச் செய்தியை எழுதிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே மிகாயேல் பாய்ட்டர் அதே வார்ப்பில் ஒரு புத்தகத்தைப் பாரிஸில் அச்சிட்டார். நாம் அறிந்த ‘வரலாற்றில் இன்று’ முழு உருவத்தோடு பிறந்தது இந்த இரண்டு புத்தகங்களில்தான்.

பாய்ட்டர் புத்தகத்தின் ஒரு பிரதி கட்டுரையாளர் மோன்டேன் வீட்டுக்குப் போனது. அது இன்றும் போர்டோ நகரில் இருக்கிறது. ஜூன் 28 பக்கத்தில், 1570இல் தன் முதல் பெண் குழந்தை பிறந்ததை எழுதியிருக்கிறார். பெயர் துவானெத். இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தை போய்விட்டதும் அங்கேயே இருக்கிறது. அவருக்கு ஆறு பெண்கள் பிறந்து, பிழைத்தது லியோனோர் ஒருத்திதான். அவள் பிறந்த செப்டம்பர் 9உம் அந்தப் புத்தகத்தில் உண்டு. அச்சில் அரசர்களின் மரணம், அதே பக்கத்தில் கையெழுத்தில் ஒரு தகப்பனின் இழப்பு. இந்தப் பத்திக்கு இதைவிட நல்ல பக்கம் எந்தக் காலத்திலும் அமையவில்லை என்பது என் எண்ணம்.

அச்சுக்காரர்கள் தேதிகளை இப்படி அடுக்கி முடித்த முப்பது ஆண்டுகளில் தேதிகளே இடம்மாறின. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ஆவிலா ஊரின் தெரசா இறந்தது அந்த இரவில்! அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கை விடவில்லை. அதனால் ஷேக்ஸ்பியரும் செர்வான்டஸும் 1616 ஏப்ரல் 23இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று சொல்வது பொருந்தாது; இரண்டு நாடுகளின் ஏப்ரல் 23க்கும் நடுவே பத்து நாள் இடைவெளி. போதாக்குறைக்கு, செர்வான்டஸ் 22ஆம் தேதி இறந்து 23ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டவர். ஆனாலும் யுனெஸ்கோ 1995இல் அந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக்கியது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது வீட்டில் எழுதிய தேதி பிப்ரவரி 11. கொண்டாடப்பட்டது பிப்ரவரி 22. இப்போது அமெரிக்க அரசு விடுமுறை பிப்ரவரி மூன்றாம் திங்கள். அது ஒருபோதும் 22ஆம் தேதியில் விழாது.

இந்தக் குழப்பம் நம் கடற்கரைக்கும் வந்தது. 1746இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். தோற்ற ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. வென்றவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. புதுச்சேரியில் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம். தமிழ்த் தேதியையும் பிரெஞ்சுக்காரர் தேதியையும் சேர்த்தே நாட்குறிப்பு எழுதியவர் அவர். ஒரே கோட்டை, ஒரே பகல், மூன்று தேதிகள்.

சென்னை தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கோட்டை கட்ட இடம் பெற்ற 1639 ஆகஸ்ட் 22ஐ வைத்து 2004 முதல் கொண்டாடுகிறோம். பழைய ஆவணப் பிரதியில் ஜூலை 22 என்று இருந்தது. ஜூலை 27க்கு முன் டே அங்கே வந்திருக்க வழியில்லை என்பதால் ஆகஸ்ட் என்று திருத்திக்கொண்டார்கள். அதுவும் ஆங்கிலேயரின் பழைய கணக்கு. வாஷிங்டனுக்குச் செய்தது போல, அந்த நூற்றாண்டின் இடைவெளியான பத்து நாளைக் கூட்டினால் சென்னை தினம் செப்டம்பர் 1இல் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பத்தி வாரச் சரக்கானது. லண்டன் பதிப்பாளர் வில்லியம் ஹோன் 1817இல் தெய்வ நிந்தனைக்காக அடுத்தடுத்து மூன்று நாள் நீதிமன்றத்தில் நின்று, தானே வாதாடி மூன்று வழக்கிலும் வென்றவர். 1825 ஜனவரியில் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கதைகளை வாரப் பகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். வாசகர்கள் தங்கள் ஊர் வழக்கங்களை எழுதி அனுப்பினார்கள், அவற்றையும் அச்சிட்டார். புத்தகம் பேர் வாங்கியது. அவரோ கடனுக்காகச் சிறைக்குப் போய், அங்கிருந்தபடியே பக்கங்களைத் தயாரித்தார். எடின்பரோவின் ராபர்ட் சேம்பர்ஸ் அதே வழியில் இறங்கி, 1864இல் இரண்டு பெரிய தொகுதிகளை முடித்தார். அந்த உழைப்பில் அவர் உடல்நலம் உடைந்தது. பின்னால் செய்தித்தாள்கள் இந்தப் பத்தியை எடுத்துக்கொண்டன, செலவு குறைவு, வாசகர் அதிகம்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளுக்கோ இந்த ஐரோப்பியத் தேதிகள் தெரியாது. அவை மன்னரின் ஆட்சியாண்டு, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று சொல்லும். திதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் ஒரே மாதத்தில் அதே சேர்க்கையாகத் திரும்ப வருவது அபூர்வம், அதுதான் பிடி. அதைப் பிடித்துக்கொண்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான நாள் அட்டவணைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். சென்னை அரசாங்கத்தில் அதிகாரி, பிறகு சென்னைச் சட்டமன்றத்தின் தலைவர். கல்வெட்டுக்காரர்களுக்கு அவர் பெயர் ஒரு கருவியின் பெயர் போல. ஒரு சோழன் ஊருக்கு நிலம் கொடுத்தது ஆங்கிலக் கணக்கில் எந்தத் தேதி என்று இன்று சொல்ல முடிகிறதென்றால் அந்தப் பக்கங்களின் தயவு.

ஆனாலும் பழைய முறை விலகிவிடவில்லை. ராசராசனுக்கு ஐப்பசிச் சதயத்தில் தஞ்சையில் விழா எடுக்கிறோம். அவர் மகன் ராசேந்திரன் பிறந்தது மார்கழித் திருவாதிரை என்று வெகுகாலம் நம்பப்பட்டது. திருவாரூர்க் கல்வெட்டு ஒன்றில் தான் பிறந்தது ஆடித் திருவாதிரை என்று அந்த மன்னரே சொல்லியிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு ஆடித் திருவாதிரையை அவருக்கான அரசு விழாவாக அறிவித்தது. அது ஒரு வருடம் ஜூலையில் வரும், ஒரு வருடம் ஆகஸ்டில் வரும். தேதிவாரியாகத் தொகுக்கிற பத்தி ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் கங்கைகொண்ட சோழனுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.