குறைந்த மார்க்கும் நல்ல கடிதமும்

போன மாதம் ஒரு மாலை, எதிர்வீட்டுத் தறிக்காரர் மகன் ஒரு பிளாஸ்டிக் கவரில் மார்க் பட்டியல்களைப் போட்டுக்கொண்டு வந்தான். பி.எஸ்சி.யில் மார்க் குறைவு. அந்த மூன்று வருஷமும் காலையில் தறியில் அப்பாவுக்கு உதவிவிட்டுத்தான் காலேஜ் பஸ் பிடித்தான் என்பது தெருவுக்கே தெரியும். எம்.எஸ்சி.யில் தேறிவிட்டான், நல்ல மார்க். இப்போது பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். "தாத்தா, பழைய மார்க்கைப் பார்த்ததும் தூக்கி ஓரமா வச்சிடுவாங்களா?" என்றான்.

இப்போதைய பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் போதும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், அதிலும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. அதனால் வாசற்படியிலேயே யாரும் இவனை நிறுத்த முடியாது. ஆனால் நேர்காணலில் உட்காருகிறவர் கண் அந்தப் பழைய தாளுக்குப் போகாமல் இருக்குமா? அதற்கு விதியில் பதில் இல்லை. என்னிடம் பழைய கதைகள்தான் இருந்தன. அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதல் கதை எல்லோருக்கும் தெரிந்த சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. தோற்றார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து படித்து 1907இல் மறுபடியும் தோற்றார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் அவருக்கு மனம் ஓடவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. இதுவரை சினிமாவிலும் காட்டிவிட்டார்கள். நான் ரசிப்பது அதற்கடுத்த கட்டத்தை. அது ஒரு கோப்பின் கதை. வாழ்நாள் முழுக்கக் கோப்பு தள்ளியவனுக்குத்தான் அதன் சுவை புரியும்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதினார் அல்லவா? ஹார்டியின் பதில் இங்கே வந்து சேர்ந்த அதே பிப்ரவரி மாதக் கடைசியில், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுக அலுவலகத்துக்கு வந்தார். அவரே பெரிய கணித அறிஞர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைத்தான் சிபாரிசுக் கடிதத்துக்கு இலக்கணம் என்று சொல்வேன். வேலையின் சுயத்தன்மை ஒரு கேம்பிரிட்ஜ் கல்லூரி ஃபெல்லோவின் வேலையோடு ஒப்பிடத்தக்கது என்றார். அதே கடிதத்தில், நிரூபணங்களில் முழுமையும் துல்லியமும் போதவில்லை, இந்தச் சூழ்நிலையில் வளர்ந்தவரிடம் அது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றும் எழுதினார். இந்தக் கணிதப் பிரிவு தன் துறை அல்ல என்று தன்னைப் பற்றியும் ஒப்புக்கொண்டார். கடைசியில் கேட்டது ஒன்றே: பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் இவர் கணக்கு மட்டும் செய்யப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும்.

குறையை மறைத்து எழுதும் சிபாரிசை எந்த அதிகாரியும் நம்புவதில்லை. அலுவலகத்தில் இதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

சரி, கடிதம் வந்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எஃப்.ஏ.கூட இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ன குறிப்பு எழுதுவான்? "விதியில் இடமில்லை, திருப்பி அனுப்பலாம்." அங்கே சிண்டிகேட் கூட்டத்தில் நீதிபதி பி.ஆர். சுந்தரமய்யர் எழுந்தார். பல்கலைக்கழகத்தை ஏற்படுத்திய சட்டத்தின் முகவுரையில், ஆராய்ச்சியை வளர்ப்பதும் அதன் நோக்கம் என்று இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார். கீழ்விதியை மேல்விதியால் வென்றுவிட்டார்! மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1913 மே முதல் அவர் முழுநேர ஆராய்ச்சி மாணவர். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் கொடுத்தது. அங்கே அப்போது பிஎச்.டி. பட்டமே இல்லை.

பையன் இதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, அவர் ராமானுஜன். நான் ராமானுஜன் இல்லையே" என்றான். நியாயமான ஆட்சேபணை. அதனால் அடுத்த ஆட்களுக்கு வந்தேன்.

தி. விஜயராகவன் 1902இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தும் ஆனர்ஸ் பட்டம் கைக்கு வரவில்லை. ஆனால் மாணவனாக இருக்கும்போதே தன் வேலையை ஹார்டிக்கு எழுதி அனுப்பியிருந்தார். ஹார்டி அப்போது ஆக்ஸ்போர்டில். 1925இல் விஜயராகவனும் உதவித்தொகையோடு ஆக்ஸ்போர்டில் இருந்தார். பிற்காலத்தில் அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிலையத்துக்கு முதல் இயக்குநர் இவர்தான்.

மூன்றாவது கதை எனக்கு நெருக்கமானது. அதில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ரசீன் என்றால் எங்களுக்கு நாடகாசிரியர் ரசீன்தான், செய்யுளை மனப்பாடம் செய்யாவிட்டால் வாத்தியார் முட்டி போட வைப்பார். இவர் வேறு ரசீன். பாதிரியார் ஷார்ல் ரசீன், இயேசு சபைத் துறவி. பாரிசில் பெரும் கணித அறிஞர் எலி கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்து 1934இல் டாக்டர் பட்டம் பெற்றவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் சில காலம் இருந்துவிட்டு 1939இல் சென்னை லயோலாவுக்கு வந்தார். 1967 வரை அங்கேதான் பாடம் நடத்தினார். அன்றைய பல்கலைக்கழகத் தேர்வு பழைய ஆங்கிலேயர் பாணிக் கணக்குகளைக் கேட்டது. இவரோ ஐரோப்பாவில் அப்போது புதிதாக முளைத்த கணிதத்தைப் பையன்களுக்குச் சொன்னார். தேர்வுக்கு உதவாத பாடத்தில் மனத்தைக் கொடுத்தவன் மார்க்கில் கொஞ்சம் இழப்பது இயற்கைதானே. நம் வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன், காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி இருவரும் இவர் மாணவர்கள். இருவர் பெயரும் இன்று ஒரே தேற்றத்தில் சேர்ந்து நிற்கிறது.

அந்த வரிசையில் வந்தவர் சி.பி. ராமானுஜம், 1938இல் சென்னையில் பிறந்தவர். 1957இல் லயோலாவில் ஆனர்ஸ் முடித்தார். இரண்டாம் வகுப்பு! வீட்டில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். ரசீன் அவரைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். தானே கடிதமும் கொடுத்தார். மார்க்கைப் பற்றி வாதாடவில்லை. இவனுக்கு நிச்சயமாகச் சுயமான அறிவு உண்டு, இவனிடம் உள்ள ஆர்வம் ஆராய்ச்சியாளனுக்கு உரிய வகை, போதிய வாய்ப்புக் கொடுத்தால் நல்ல ஆராய்ச்சியாளனாக வருவான் என்பதே சாரம். மூன்று வருஷம் எதிரில் உட்கார வைத்துப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய வாக்கியம். இடம் கிடைத்தது.

கிடைத்ததும் ஓஹோ என்று போகவில்லை. படித்தார், படித்தார்; சொந்தமாக ஒன்றும் வரவில்லை. வெறுத்துப்போய்க் கல்லூரி வாத்தியார் வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. நல்லவேளை! அதன் பிறகுதான் கே.ஜி. ராமநாதன் கொடுத்த எண் கணிதப் பிரச்சினையில் கை வைத்து, 54 மாறிகள் கொண்ட முப்படிக் கோவைகளைப் பற்றிய தேற்றத்தை 1963இல் வெளியிட்டார். ஜெர்மன் மேதை சீகல் அவரது ஆய்வேட்டுக்குத் தேர்வாளராக இருந்தார். ரஷ்ய அறிஞர் ஷஃபாரெவிச்சும் அமெரிக்க அறிஞர் மம்ஃபோர்டும் பம்பாய் வந்து ஆற்றிய சொற்பொழிவுகளுக்குக் குறிப்பெடுத்து நூலாக்கியவரும் இவரே. மூல நூல்களைப் படிக்கவென்று பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், இத்தாலியன் கற்றார். மன நோய் அவரை விடாமல் துரத்தியது. 1974 அக்டோபரில், 36 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ரசீன் பாதிரியார் அதற்குப் பிறகு 1976 வரை இருந்தார். அந்தச் செய்தி அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, நினைத்தால் மனம் கனக்கிறது.

பையனிடம் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லலாமா என்று தயங்கினேன். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு விண்ணப்பத் தாளை எடுத்தான். பி.எஸ்சி. மார்க் பற்றி ஒரு பக்கம் முழுக்க வருத்தக் கதை எழுதி வைத்திருந்தான். தறி, அப்பாவின் கடன், அதிகாலை பஸ். அதை இரண்டு வரியாகக் குறைக்கச் சொன்னேன். எம்.எஸ்சி.யில் செய்த புராஜெக்டைப் பற்றி எங்கே என்றேன். அது ஒரே வரியில் இருந்தது! அதை விரித்து எழுதச் சொன்னேன்: என்ன செய்தாய், எது வந்தது, எது வரவில்லை.

"கடிதம் யாரிடம் வாங்கட்டும் தாத்தா? பிரின்சிபால் கொடுப்பார்."

"பிரின்சிபாலுக்கு உன் முகம் தெரியுமா?"

சிரித்தான். புராஜெக்ட் வழிகாட்டிய அம்மாவைக் கேட்கிறேன் என்றான். அவர் கண்டிப்பானவராம், அவன் குறைகளையும் எழுதிவிடுவாராம். வாக்கர் கடிதத்தை இன்னொரு முறை அவனுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை திருத்திய பிரதியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.